மேல்சரிவுப் பலகை

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவளைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க முடியும். முப்பது வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டினோம். அதில் பாதி நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதே இல்லை. அவள் கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். ஒரு விஷயத்தைப் பிடித்தால் ஒற்றைக் காலில் நிற்பாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாயை மூடிக்கொண்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம்பர் பிளேட் எழுதுகிற கடையில் அவளுக்கு வேலை. ஸ்டிக்கர் வந்த பிறகும் லாரிக்காரர்கள் அவள் கையால் எழுதினால்தான் ஆயிற்று என்று வந்து நிற்பார்கள். ஸ்கேல் வைக்க மாட்டாள், பென்சில் கோடு போட மாட்டாள். பிரஷ்ஷை எடுத்தால் எட்டு என்கிற எண் கோணாமல் எட்டாகவே விழும். ஆனால் எங்கள் காலனியில் அவளுக்கு நம்பர் பிளேட்காரி என்று பேர் இல்லை. பலகைக்காரி என்றுதான் பேர்.

அந்தப் பலகைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூன்று பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு கதவில் பாதி இருக்கும். முன்னறையில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கும். எங்கள் ஜனங்கள் குடியிருந்த மலைச்சரிவு அது. அடிவாரம் ஒரு பலகை, நடுச்சரிவு ஒரு பலகை, மேல்சரிவு ஒரு பலகை. பாறை, ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாம் கரியிலும் சுண்ணாம்பிலும் இருக்கும். நடுவில் செம்மண் நிறத்தில் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு ஆள். பெரியவர்களுக்குக் கட்டைவிரலால் வைத்த புள்ளி, குழந்தைகளுக்குச் சுண்டுவிரலால் வைத்தது. செத்தவர்களை எங்கே புதைத்தோமோ அங்கே ஒரு கல் நடுவோம், பலகையில் ஒரு புள்ளி வைப்போம். வேறு கணக்கு எங்களிடம் கிடையாது.

மலையிலிருந்து எங்களை இறக்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி இறக்கினார்கள். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளைக் கொடுத்தார்கள். கதவுக்கு ஒரு எண் போட்டார்கள். காட்டை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது பிறகு தெரிந்தது. உயிரோடு இருக்கிறவர்கள்தான் கீழே வந்தோம். செத்தால் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவோம்.

நான் மருமகளாக வந்த முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன், இந்த மகராசி மேல்சரிவுப் பலகையைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து வைத்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். படம் கலங்கி வாளிக்குள் இறங்குகிறது. நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். மழைக்காலம் முடிந்த முதல் ஞாயிறு மூன்று பலகைகளையும் கழுவிவிட்டு முதலிலிருந்து வரைவதுதான் அவர்கள் குடும்பத்து வழக்கம். முந்தின நாள் முழுக்க மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்து வரைவார்கள். பழைய படம் அப்படியே கிடந்தால் கை படத்தைப் பார்த்துச் சோம்பேறியாகிவிடும், மலையை மறந்துவிடும் என்பார்கள். அவர் கொள்ளுத்தாத்தா கழுவி வரைந்தார். தாத்தா கழுவி வரைந்தார். அப்பா கழுவி வரைந்தார். அண்ணனுக்குக் கை ஓடவில்லை, தங்கைக்கு ஓடியது.

இன்னொரு கட்டளையும் உண்டு. சரிவில் இல்லாததைப் பலகையில் வைக்கக் கூடாது. மாமனார் காலத்தில் மேல்சரிவில் ஒரு ஊற்று வற்றிப்போனது. அடுத்த வருடப் படத்தில் அவர் ஊற்றை விட்டுவிட்டார். ஊரே அந்த ஊற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்திருந்தது, எத்தனையோ பேர் கெஞ்சினார்கள், அவர் மசியவில்லை. பலகை பொய் சொல்ல ஆரம்பித்தால் புள்ளிகளை யார் நம்புவார்கள் என்று கேட்டாராம்.

எனக்கு ஒரே பெண். நாலு வயதில் காய்ச்சல் வந்து மூன்று நாளில் போய்விட்டாள். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே போனாள். அங்கே சலவைக்கூடத்தில் துணி மடிப்பது என் வேலை. அவள் படுத்திருந்த கட்டில் விரிப்பையும் நான்தான் மடித்தேன், வேறு யாரும் மடிக்க நான் விடவில்லை. மேல்சரிவில் இரண்டாகப் பிளந்த ஒரு பாறை உண்டு. அதன் நிழலில் புதைத்தோம். அன்று சாயங்காலம் நாத்தனார் சுண்டுவிரலைச் செம்மண்ணில் தோய்த்து, பாறைக்கு இடது பக்கம் ஒரு புள்ளி வைத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கழுவி வரைகிற நாளில், மேல்சரிவுப் பலகையில் அந்தப் புள்ளி விழுகிறவரைக்கும் எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. அவளுக்கு அது தெரியும். மற்ற புள்ளிகளுக்கு முன்னால் அதைத்தான் வைப்பாள். வைத்துவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், அவ்வளவு திமிர்.

பன்னிரண்டு வருடம் முன்பு மலையைக் கல்குவாரிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அந்தச் சரிவு முழுக்க மனித நடமாட்டம் இல்லாத தரிசு என்று எழுதியிருந்தது. நூற்றெண்பத்தாறு பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். நடமாடவில்லைதான், அதை மறுக்க முடியாது. காலனியில் நாற்பது குடும்பம் சேர்ந்து வழக்குப் போட்டோம். காசு வாங்காமல் வாதாட ஒரு வக்கீல் வந்தார். சின்னப் பையன், நல்ல மனசு. பேசும்போது கையைப் பிசைந்துகொண்டே பேசுவார். உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டார். எல்லோரும் பலகைக்காரியைப் பார்த்தார்கள்.

வழக்குக்கு முன்னால் நாங்கள் பூர்வகுடிகள் என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதற்கே எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஒரு அதிகாரி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்புப் போட்டிருக்கிறாய், டவுன் கடையில் வேலை செய்கிறாய், பார்த்தால் மலை ஆள் மாதிரியே தெரியவில்லையே என்றான். மலையில் குடியிருக்கவும் விடாமல், கீழே ஒழுங்காக உடுத்தவும் விடாமல் பிறகு எங்கேதான் எங்களை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ தெரியவில்லை. நாத்தனார் செருப்பைக் கழற்றி அவன் மேஜைமேல் வைத்துவிட்டாள். வக்கீல் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தார்.

பலகைகளைப் பரிசோதிக்க நிபுணர் ஒருவர் வருவதாக வக்கீல் சொன்னார். மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் இவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். படம் மங்கியிருந்தது. நீதிபதி பார்க்கப் போகிறார், அழுக்காகக் கொண்டுபோகலாமா? பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போவதுபோல், மூன்று பலகைகளையும் சுத்தமாகக் கழுவிப் புதிதாக வரைந்துவிட்டாள். கலர் பிடிக்கிற பிசின் மரங்களெல்லாம் குவாரி வேலிக்குள் மாட்டிக்கொண்டதால், கடையில் இருந்த எனாமல் பெயின்டை எடுத்து வரைந்தாள். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான்தான் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

நிபுணர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். பலகையைத் தடவினார், சுரண்டினார், மோந்து பார்த்தார். மேல்சரிவுப் பலகையைத் திருப்பினார். பின்பக்கம் "கண்ணாடி, கவனம்" என்று அச்சடித்திருந்தது. பழைய பலகை கரையான் அரித்துப் போனபோது மாமனார் கண்ணாடி அடுக்கி வந்த ஒரு மரப்பெட்டியை உடைத்துச் செய்த பலகை அது. நிபுணர் அறிக்கையில் மூன்றே வரி எழுதினார். மரம் முப்பது வருடத்துக்கு மேற்பட்டதல்ல. பெயின்ட் வண்டிகளுக்கு அடிப்பது. வரைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றி, இந்தப் படம் யார் வரைந்தது என்று கேட்டார். என் கொள்ளுத்தாத்தா என்றாள். கடைசியாக எப்போது வரைந்தது என்றார். போன மாதம் என்றாள். அப்படியானால் யார் வரைந்தது என்றார். கொள்ளுத்தாத்தாதான் என்றாள். கோர்ட் முழுக்கச் சிரித்தது. எங்கள் வக்கீல் குனிந்து பைலைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவள் வாயைக் கொடுத்து எங்கள் எல்லோரையும் மாட்டிவிட்டாளே என்று அவள்மேலும் எரிந்தது.

அவள் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு நீதிபதியைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, எனக்கு மூணு வெறும் பலகை கொடுங்க. இத மூடி வைங்க. இங்கயே பாக்காம வரையுறேன். அப்புறம் யாரையாவது மலைக்கு அனுப்புங்க. நான் புள்ளி வைக்கிற இடத்துல கல் இருக்கும். இல்லாதத நாங்க வரையுறதில்ல."

நீதிபதி நல்லவர் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். அவர் ஒத்துக்கொண்டார். கோர்ட்டுக்குப் பக்கத்து அறையில், இரண்டு வக்கீல்களும் ஒரு குமாஸ்தாவும் மாறி மாறிக் காவல் இருக்க, புது பிளைவுட் பலகையில் இரண்டு நாள் வரைந்தாள். வாயில் முணுமுணுவென்று செத்தவர்களின் பேர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் புள்ளி யாருக்கு வைத்தாள் என்று வெளியே ஜன்னல் ஓரம் நின்ற எனக்குத் தெரியும். குமாஸ்தா பழைய பலகையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை எண்ணினார். நூற்றெண்பத்தாறுக்கு நூற்றெண்பத்தாறு. ஒன்றுகூட ஒரு விரல் அகலம் தள்ளி விழவில்லை. கம்பெனி வக்கீல் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நில அளவையர் ஒருவர் மலைக்குப் போய் ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்க்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். அன்று நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். நான் அவளுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தேன்.

அளவையர் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை குவாரி வேலையை நிறுத்தி வைக்க எங்கள் வக்கீல் தடை வாங்கியிருந்தார். ஆனால் தடை உத்தரவில் இருந்த சர்வே எண் நடுச்சரிவையும் அடிவாரத்தையும் மட்டும்தான் பிடித்தது. மேல்சரிவு வேறு எண். யார் கவனிக்காமல் விட்டது என்று இதுவரை தெரியாது. வெடிச்சத்தம் காலனிவரை கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம் வெடிக்கிறார்கள் என்று கம்பெனி ஆள் சொன்னான், நாங்களும் நம்பினோம்.

அளவையரோடு காலனி சார்பாக ஒருவர் போகலாம் என்றார்கள். நாத்தனார் போகட்டும் என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் அடம்பிடித்துப் போனேன். அடிவாரத்தில் கல் இருந்தது. நடுச்சரிவில் கல் இருந்தது. அளவையர் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குமேல் பாதை இல்லை. சரிவு இருந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி செதுக்கிவைத்த வெள்ளைப் பாறை. ஒரு தண்ணீர் லாரி நின்றது. பிளந்த பாறை எங்கே என்று கேட்டேன். அவருக்கு என்ன தெரியும் பாவம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கைக்கு எட்டிய ஜல்லியையெல்லாம் அள்ளி அள்ளிப் பார்த்தேன். என் பிள்ளையை லாரியில் ஏற்றி எந்த ரோட்டில் கொட்டினார்களோ, எந்த வீட்டு அஸ்திவாரத்தில் போட்டார்களோ. அளவையர் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அம்மா, எனக்கும் பிள்ளைகள் உண்டு, ஆனால் இருப்பதைத்தான் நான் எழுத முடியும் என்றார்.

நூற்றெண்பத்தாறில் எழுபத்துநாலு புள்ளிகளுக்கு அடையாளம் இல்லை என்று எழுதினார். தீர்ப்பும் அதை வைத்துத்தான் வந்தது. பெருமளவு பொருந்தாத படத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாதாம். பொருந்திய நூற்றுப் பன்னிரண்டும் அண்மையில் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்கலாமாம். வெடிவைத்ததைப் பற்றி எங்கள் வக்கீல் எடுத்துச் சொன்னார். வெடிக்கும் முன்னால் அங்கே கல் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆதாரம் அந்தப் பலகைதான் என்றார். வழக்குத் தள்ளுபடியானது. பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வழக்கு எண் போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

மழைக்காலம் வந்தது, போனது. கழுவி வரைகிற ஞாயிறு நெருங்கியது. அவள் கட்டளையை மீறாதவள். கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னவள். சரிவில் இல்லாதது பலகையில் இருக்காது. வற்றிய ஊற்றை விட்டதுபோல் என் பெண்ணையும் விட்டுவிடுவாள். கழுவாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்தில் நான் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. அதனால் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை வாளியையும் துணியையும் கொண்டுபோய் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒளித்து வைத்தேன். ஐம்பது வயதுப் பொம்பிளை செய்கிற காரியமா அது?

ஞாயிறு காலையில் அவள் கடையிலிருந்து பெயின்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவோடு வந்தாள். எனாமல் தண்ணீருக்குப் போகாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள் மலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கால் முழுக்க இன்னும் வெள்ளைத் தூசி. மேல்சரிவுப் பலகையைக் கழற்றி முற்றத்தில் சாய்த்தாள். தன் பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்து நனைத்தாள். நான் வாசற்படியில் நின்றேன். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அண்ணி, கழுவிட்டா நான் திரும்ப வைக்க மாட்டேன். அங்க ஒண்ணுமில்ல. நேத்து பூரா தேடிட்டேன்."

"அப்ப கழுவாத."

"கழுவலன்னா இது வெறும் கட்டை. செத்துப்போனது."

"செத்துட்டுப் போகட்டும். எம்பொண்ணு அதுலதான் இருக்கா. வேற எங்கயும் இல்ல."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பலகையைத் தூக்கிக்கொண்டு போய் பழைய ஆணியிலேயே மாட்டினாள். மற்ற இரண்டையும் கழற்றவே இல்லை. ஒன்றைக் கழுவி ஒன்றை விட அவளால் முடியாது. மூன்றும் சேர்ந்துதான் ஒரு மலை. தின்னர் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கடைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு அவள் வரையவே இல்லை. மலைக்கும் போகவில்லை. நம்பர் பிளேட் எழுதினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் நாலு வார்த்தை கரித்துக் கொட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்தாவது வருடம் ஒரு மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கினாள். பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஓடை வந்தது, பாதை வந்தது, இரண்டு மூன்று பாறை வந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இதுக்கப்புறம் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பலகையைப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பில்லை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போன வருடம் நெஞ்சுவலியில் போனாள். மலையில் இப்போது யாரையும் விடுவதில்லை. டவுன் பொதுச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் புதைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு எண் கொடுத்தார்கள். நம்பர் பிளேட் கடையிலிருந்து ஒரு பிளேட் எழுதிக் கொண்டுவந்து நட்டார்கள். எட்டு கோணலாக இருந்தது.

பலகைகள் முன்னறையில்தான் இருக்கின்றன. பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது. வருகிறவர்கள் எவ்வளவு பழைய படம் என்று வாயைப் பிளக்கிறார்கள். அந்த நிபுணர் இப்போது வந்தால் திருப்தியாகப் போவார். மேல்சரிவில் பாறைக்கு இடது பக்கம் என் பெண்ணின் புள்ளி அப்படியே இருக்கிறது. பலகைக்காரிக்கு மட்டும் எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. வைக்கத் தெரிந்த கை அவளுடையது ஒன்றுதான். அந்தக் கையை நிறுத்தியது நான்.